தண்ணீர் இல்லாத சட்டி: வீட்டில் ஸ்டிர் ஃப்ரை

முதல் தடவை நான் ஸ்டிர் ஃப்ரை செய்து வைத்தபோது அம்மா ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "இன்னாடா இது, தேங்கா போட மறந்துட்ட பொரியலா?"

கேட்டதில் நியாயம் இருந்தது. காட்பாடி உழவர் சந்தையில் வாங்கிவந்த குடைமிளகாய், கேரட், பீன்ஸ், முட்டைகோஸ் எல்லாம் சேர்த்து முக்கால் கிலோ இருக்கும். கழுவின ஈரத்தோடு மொத்தத்தையும் ஒரே வாணலியில் கொட்டினேன். ஒரு நிமிடம் நன்றாகச் சத்தம் வந்தது. அப்புறம் சத்தம் அடங்கி, அடியில் தண்ணீர் ஊற ஆரம்பித்தது. பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் குடைமிளகாய் வெளுத்துப்போன காக்கி நிறத்துக்கு வந்திருந்தது. கேரட் மட்டும் இன்னும் நறுக் நறுக்கென்று இருந்தது. அதன் தலையில் சோயா சாஸையும் ஊற்றினேன். கறுப்புத் தண்ணீரில் மிதக்கிற காய்கறி. சாப்பிட்டோம், வேறு என்ன செய்வது.

இப்போது வாரத்தில் மூன்று ராத்திரியாவது எங்கள் வீட்டில் இதுதான். அம்மாவும் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். இடையில் நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியது: தண்ணீர்.

ஸ்டிர் ஃப்ரை என்பது சீனர்கள் 'சாவ்' என்று சொல்லும் சமையல் முறை. சோயா சாஸ் ஊற்றினால் அது ஸ்டிர் ஃப்ரை, தேங்காய் போட்டால் பொரியல் என்று பலரும் நினைக்கிறார்கள். வித்தியாசம் அங்கே இல்லை. பொரியலுக்குத் தாளித்துக் காயைப் போட்டதும் ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வைக்கிறோம். காய் தன் ஆவியிலேயே வேகிறது. ஸ்டிர் ஃப்ரையில் மூடியும் கிடையாது, தண்ணீர் தெளிப்பதும் கிடையாது. நன்றாகக் காய்ந்த சட்டி, கொஞ்சம் எண்ணெய், ஒரே அளவில் மெல்லிசாக நறுக்கின காய், பெரிய தீ, ஓயாத கை. நாலைந்து நிமிடத்தில் அடுப்பை அணைத்துவிடலாம். நம் வறுவலோடும் இதைச் சேர்க்க முடியாது. வறுவலில் சின்னத் தீயில் பொறுமையாக ஈரத்தை வற்ற விடுகிறோம். இதில் காயின் உள்ளே ஈரம் அப்படியே இருக்க வேண்டும், மேல்தோல் மட்டும் தீ பட்டதாக மணக்க வேண்டும்.

அந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். தோசையின் ஓரம் சிவந்து முறுகும்போது வருகிறதே ஒரு வாசனை, அதே கதைதான். உணவில் உள்ள புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நூற்றுக்கணக்கான புது வாசனைப் பொருட்களாக மாறுகின்றன. 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சு விஞ்ஞானி மய்யாரின் பெயரால் இதை மய்யார் வினை என்கிறார்கள். இது மும்முரமாக நடக்க ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். ஆனால் தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்துவிடும். காயின்மேல் ஈரம் இருக்கிறவரை அந்த இடத்தின் சூடு நூறைத் தாண்டாது. பர்னரை எவ்வளவு திருகினாலும் தாண்டாது. ஈரம் போன பிறகுதான் சிவக்கத் தொடங்கும்.

ஈரம் போவது அவ்வளவு லேசும் இல்லை. நம் ஊரில் 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி வெப்பம் போதும். கொதிநிலையில் இருக்கிற அதே ஒரு கிராமை ஆவியாக்க 540 கலோரி வேண்டும், ஏறக்குறைய எட்டு மடங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தால், வீட்டு அடுப்பின் பெரிய பர்னர் ஒரு நிமிடத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டித் தண்ணீரைத்தான் விரட்ட முடியும். முட்டைகோஸ், குடைமிளகாய், காளான் எல்லாவற்றிலும் எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். முக்கால் கிலோவைக் கொட்டினால், அடுப்பு விரட்டுவதைவிட வேகமாகக் காய் தண்ணீர் விடும். அன்றைக்கு என் வாணலியில் நடந்தது அதுதான்.

வேலூரைக் கிண்டல் செய்யப் பழைய சொலவடை ஒன்று உண்டு: அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு. கோட்டைக் கோயிலுக்கு 1981-ல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். பாலாறுதான் இன்னும் வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. ஊருக்கு அது வருத்தம். ஆனால் ஸ்டிர் ஃப்ரை சட்டி பாலாறு மாதிரிதான் இருக்க வேண்டும்.

வண்டிக்கடையில் பார்த்தது

காட்பாடி ரோட்டில் ஃபிரைடு ரைஸ் போடும் வண்டிக்கடை ஒன்றில் பார்சலுக்கு நின்றிருந்தபோது மாஸ்டரிடம் என் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நீ இன்னா தம்பி பண்ற, எண்ணெய ஊத்திட்டு அப்புறமா வெங்காயம் அரியறியா?" என்றார். அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். அவருடைய இடது பக்கம் பத்துப் பன்னிரண்டு டப்பாக்கள் வரிசையாக இருந்தன: நறுக்கின கோஸ், கேரட், வெங்காயத்தாள், பூண்டு, உப்பு, மிளகுத்தூள், கலக்கி வைத்த சாஸ். அடுப்பை ஏற்றின பிறகு அவர் கத்தியைத் தொடவே இல்லை. சட்டி புகைய ஆரம்பித்ததும் எண்ணெய், உடனே முட்டை, உடனே காய். ஒரு பிளேட் முடிய இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. அடுத்த ஆர்டர் இரண்டு பிளேட். அதையும் தனித்தனியாகத்தான் போட்டார். "ரெண்டயும் சேத்துப் போட்டா வெந்துடும்ணே, வறுபடாது" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

அந்த ஒரு வாக்கியம் போதும். வெந்துடும், வறுபடாது.

அவர் அடுப்பு ஹூவென்று ஓசையோடு எரிகிற அடுப்பு. வீட்டு பர்னரைப் போலப் பல மடங்கு தீ. சட்டியைத் தூக்கிப் போடும்போது எண்ணெய்த் துளிகள் தீயைப் பிடித்து எரிந்து ஒரு புகை வாசனை ஏறும். சீனாவின் கான்டன் பக்கத்தில் அதற்கு 'வோக் ஹெய்' என்று பெயர். வீட்டில் அது முழுசாக வராது. வரவில்லையே என்று சட்டியைத் தூக்கித் தூக்கிப் போடுவதும் வீண். நம் அடுப்பில் சட்டி தீயைவிட்டு விலகினால் ஆறிப்போகும், அவ்வளவுதான். வீட்டில் கரண்டியால் புரட்டுங்கள். சொல்லப்போனால் ஓயாமல் புரட்டவும் வேண்டாம். பத்து பதினைந்து விநாடி விட்டு ஒரு புரட்டு. சட்டியைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த விநாடிகளில்தான் காய் சிவக்கும்.

தீயைக் கூட்ட முடியாத நாம் காயைக் குறைக்கலாம். நடுத்தர வாணலிக்கு ஒரு தடவை 200, 250 கிராம் போதும். நாலு பேருக்கு வேண்டுமென்றால் இரண்டு மூன்று ஈடாகச் செய்து கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சாஸ் ஊற்றுங்கள். இட்லிக்கு ஈடு எடுப்பதில்லையா, அதேபோல. அடுத்தது, காயைக் கழுவி வடிகட்டினால் போதாது. பழைய பருத்தி வேட்டியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் வையுங்கள். மே மாதம் என்றால் வேலூர் வெயிலுக்குக் கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் துடைத்தே ஆக வேண்டும். உப்பையும் கடைசியில் போடுங்கள். உப்பு காயிலிருந்து தண்ணீரை இழுக்கும். பாகற்காயில் உப்புப் பிசறிப் பிழிந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

காதும் உதவும். காயைப் போட்டதும் வரும் 'சொய்ங்' சத்தம் கடைசிவரை அதே உரப்பில் இருக்க வேண்டும். தாழ்ந்து கொதிக்கிற சத்தமாக மாறினால் அதிகமாகப் போட்டுவிட்டீர்கள். பாதியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு மிச்சத்தை முதலில் முடியுங்கள்.

சட்டியும் எண்ணெயும்

இரும்பு வாணலி இருந்தால் அதுதான் ராஜா. சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், காயைப் போட்டதும் சட்டென்று ஆறாது. நான்ஸ்டிக் சட்டி வேண்டாம் என்பேன். வெறும் சட்டியைப் பெரிய தீயில் காய வைப்பதுதான் இங்கே முதல் வேலை. டெஃப்லான் பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதைய ஆரம்பிக்கும், வெறும் சட்டி அந்தச் சூட்டை எட்ட ரொம்ப நேரம் ஆகாது. சில்வர் சட்டியில் செய்யலாம். காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சட்டென்று கொதித்து மறைந்தால் இன்னும் காயவில்லை. பாதரசம் மாதிரி உருண்டு ஓடினால் தயார். இன்டக்‌ஷன் அடுப்பு என்றால் அடி தட்டையான சட்டிதான், குழிவானது அதில் உட்காராது.

எண்ணெய்க்கு நம் பக்கம் கேள்வியே இல்லை. வடஆற்காட்டுக்காரன் வீட்டில் கடலெண்ணெய்தான். எங்கள் அம்மா ஆரணிப் பக்கம், அவருக்கு இன்றைக்கும் அது மல்லாட்டை எண்ணெய். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. செக்கில் ஆட்டினது 160 டிகிரி சுமாருக்கே புகைய ஆரம்பிக்கும். ரீஃபைண்டு கடலெண்ணெய் 230 வரை தாங்கும். நான் வதக்க ரீஃபைண்டு ஒன்றரை ஸ்பூன், இறக்கும்போது வாசனைக்குச் செக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ அரை ஸ்பூன் என்று வைத்திருக்கிறேன். செக்கெண்ணெய்தான் வேண்டும் என்பவர்கள் தீயைக் கொஞ்சம் குறைத்து, காயையும் இன்னும் குறைத்துப் போடுங்கள். சட்டி காய்ந்த பிறகு எண்ணெய், எண்ணெய் காய்ந்த உடனே காய். எண்ணெயை ஊற்றிவிட்டு ஃபோன் எடுக்கப் போகாதீர்கள்.

எது முன்னே, எது பின்னே

கெட்டிக் காய் முன்னே, இலையும் தழையும் பின்னே. கேரட், பீன்ஸ், காலிஃபிளவர் இரண்டு நிமிடம். அப்புறம் குடைமிளகாய், கோஸ், பெரிய இதழாகப் பிரித்த வெங்காயம் ஒன்றரை நிமிடம். முளைப்பயறு, வெங்காயத்தாள், கீரை எல்லாம் கடைசி அரை நிமிடம். காலிஃபிளவர், பிரக்கோலி போன்றவற்றைக் கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து உலர்த்திவிட்டால் நிச்சயமாகக் காலை வாராது. காளானை மட்டும் மற்ற காய்களோடு சேர்க்காமல் தனி ஈடாகப் போடுங்கள். அது விடுகிற தண்ணீருக்குக் கணக்கே கிடையாது.

இஞ்சி பூண்டு விஷயத்தில் புத்தகங்கள் எல்லாம் முதலில் போடச் சொல்கின்றன. கடைக்காரர் அடுத்த அஞ்சு விநாடியில் காயைப் போட்டுவிடுவார், அவருக்குச் சரி. தொடக்கக்காரர் கையில் அது கருகிக் கசந்துவிடும். காய் முக்கால் பதம் வந்ததும் நடுவில் இடம் ஒதுக்கி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பொடியாக அரிந்த பூண்டையும் இஞ்சியையும் அங்கே போடுங்கள். வாசனை வந்ததும் கலந்துவிடலாம். விழுதாக அரைத்தது வேண்டாம், அதிலும் ஈரம்.

சாஸை அடுப்பேற்றும் முன்பே கிண்ணத்தில் கலக்கி வைத்துக்கொள்ள வேண்டும். 300 கிராம் காய்க்கு சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, வினிகர் ஒரு டீஸ்பூன், வெல்லத்தூள் அரை டீஸ்பூன், இடித்த மிளகு ஒரு டீஸ்பூன், கார்ன்ஃப்ளார் ஒரு டீஸ்பூன், தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி. கார்ன்ஃப்ளார் அடியில் படிந்துவிடும், ஊற்றும் முன் இன்னொரு தடவை கலக்குங்கள். சட்டியின் ஓரத்தைச் சுற்றி ஊற்றினால் சூட்டில் உடனே கொதித்து, அரை நிமிடத்தில் பளபளவென்று காயில் ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு நேரம் தண்ணீரே கூடாது என்றவன் இப்போது மூன்று கரண்டி ஊற்றச் சொல்கிறானே என்று கேட்பீர்கள். காய் சிவந்து முடிந்துவிட்டது, இனி ஈரம் கெடுக்காது.

சோயா இல்லாமலும் செய்யலாம். மிளகு, சீரகம், இடித்த பூண்டு, எலுமிச்சை, மேலே ஒரு கை வறுத்த வேர்க்கடலைப் பொடி. எங்கள் வீட்டில் இதுதான் அதிகம் ஓடுகிறது.

உடம்புக்கு

இதை ராத்திரிச் சாப்பாடாக்கியதற்கு முதல் காரணம் வெயில்தான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அக்கினி நட்சத்திரத்தில் ஏழு மணிக்கு அடுப்படியில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். ஆனால் சத்துக் கணக்கும் சரியாகவே வருகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி என்கிறது. நம் வீடுகளில் சாம்பாரில் மிதக்கிற நாலு துண்டும் ஒரு கரண்டிப் பொரியலும் அதில் பாதிகூட வராது. ராத்திரி ஒரு தட்டு ஸ்டிர் ஃப்ரை என்றால் 200 கிராம் சுலபமாக உள்ளே போய்விடும். வைட்டமின் சி தண்ணீரில் கரையக்கூடியது, வேக வைத்து வடிகட்டினால் வடிநீரோடு போய்விடும். இங்கே வடிப்பதும் இல்லை, அதிக நேரம் வேகுவதும் இல்லை. கேரட்டில் உள்ள கரோட்டினை உடம்பு எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், அதற்கு அந்த இரண்டு ஸ்பூன் எண்ணெய் இருக்கிறது.

அதே வழிகாட்டுதல் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் சேர்த்து நாளைக்கு 27 கிராம், அதாவது சுமார் இரண்டு மேசைக்கரண்டி என்கிறது. உப்பு 5 கிராமுக்குள் இருக்கட்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்வது. இங்கேதான் சோயா சாஸ் மாட்டிவிடும்: ஒரு மேசைக்கரண்டியிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு. அதை ஊற்றினால் தனியாக உப்புப் போடாதீர்கள். இரத்த அழுத்தம் உள்ளவர் வீட்டில் இருந்தால் மிளகு எலுமிச்சை வழியே போங்கள். கூடச் சாப்பிட ஆரணி அரிசிச் சோறு ஒரு கப், இல்லையென்றால் இரண்டு சப்பாத்தி. நேற்றைய தோசை மாவு மிச்சமிருந்தால் தோசைக்குள் வைத்துச் சுருட்டிப் பாருங்கள், குழந்தைகள் கேள்வி கேட்காமல் சாப்பிடுவார்கள்.

இலவம்பாடிக் கத்தரிக்காயில்

அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பிரியாணிக்குப் பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கு வைத்துச் சாப்பிடுகிற ஊர்க்காரர்களுக்கு அதன் பெருமையைச் சொல்ல வேண்டாம். ஸ்டிர் ஃப்ரைக்கு மட்டும் அது முரண்டு பிடிக்கிற காய். கத்தரிக்காயின் சதை பஞ்சு மாதிரி, காற்று நிறைந்த குட்டிக் குட்டி அறைகள். சட்டியில் போட்டதும் ஊற்றின எண்ணெயை எல்லாம் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். போதாததற்கு, கறுக்காமல் இருக்க அரிந்த துண்டைத் தண்ணீரில் போடுவது நம் பழக்கம். பஞ்சு தண்ணீரையும் குடிக்கும்.

நான் கண்டுபிடித்த வழி இட்லிப் பானை. கால் கிலோ கத்தரிக்காயை விரல் நீளத்துக்கு அரிந்து, தண்ணீரில் போடாமல் நேரே இட்லித் தட்டில் வைத்து நாலு நிமிடம் ஆவி காட்டுகிறேன். அறைகள் சுருங்கி, காய் துவண்டுவிடும். தட்டில் பரப்பி ஆற விட்டு, மேலே உள்ள ஈரத்தை ஒற்றி எடுக்கிறேன். இப்போது ஒன்றரை ஸ்பூன் எண்ணெயே தாராளம். காய்ந்த இரும்புச் சட்டியில் ஒரே அடுக்காகப் பரப்பி ஒரு நிமிடம் தொடாமல் விட்டால் வெட்டுப்பக்கம் பொன்னாகச் சிவந்து வரும். புரட்டி இன்னொரு நிமிடம். நடுவில் பூண்டு, கிள்ளின காய்ந்த மிளகாய் இரண்டு, அப்புறம் சோயா ஒரு டீஸ்பூன், கெட்டிப் புளிக்கரைசல் ஒரு டீஸ்பூன், துளி வெல்லம். இறக்கி, ஒன்றிரண்டாகப் பொடித்த மல்லாட்டை தூவினால் முடிந்தது. அம்மா முதன்முதலில் இன்னொரு கரண்டி கேட்டது இதற்குத்தான்.

கறி சேர்ப்பதற்கும் ஒரு வார்த்தை. எலும்பில்லாத கோழி கால் கிலோவை நார் ஓட்டத்துக்குக் குறுக்கே மெல்லிசாக அரிந்து, சோயா, கார்ன்ஃப்ளார், எண்ணெய் தலா ஒரு டீஸ்பூன் பிசறிக் கால் மணி நேரம் வையுங்கள். மாவுப் பூச்சு சாற்றை உள்ளேயே பிடித்து வைக்கும். கோழியை முதலில் தனியாக வதக்கி, உள்ளே இளஞ்சிவப்பு தெரியாத அளவுக்கு வெந்ததும் எடுத்து வைத்துவிட்டுக் காயை முடித்து, கடைசியில் இரண்டையும் சேருங்கள். முட்டையும் பனீரும் இதே வழி.

சட்டியைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி. இரும்புச் சட்டியைச் சூடாக இருக்கும்போதே வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து உலர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைக்க வேண்டும். அப்படிப் பழக்கினால் சில வாரங்களில் கன்னங்கரேலென்று ஒட்டாத சட்டியாகிவிடும். புளி நிறையப் போட்டுக் கொதிக்க வைத்தால் அந்தப் பூச்சு கரைந்துவிடும். கத்தரிக்காய்க்கு விடும் ஒரு ஸ்பூன் பரவாயில்லை. நான் ஆறு மாதம் பழக்கின சட்டியில் அம்மா ஒருநாள் காரக்குழம்பு வைத்தார். குழம்பு அபாரம். சட்டி மறுபடி வெள்ளையாகிவிட்டது. இப்போது அதை மேல் தட்டில், இட்லிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். இட்லிப் பானையை எடுக்கும்போதெல்லாம் அம்மாவுக்கு அது தெரிகிறது என்பதுதான் கவலை.